இருமுகிற கேக்

ஒரு தேசத்தின் நாகரிகத்தை அதன் கோட்டைகளையும் கோபுரங்களையும் வைத்து அளக்கக் கூடாது. தன் குடிமக்கள் உள்ளே இழுக்கிற ஒவ்வொரு மூச்சுக்கும் அது எவ்வளவு கவலைப்படுகிறது என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும். நெதர்லாந்து தன் கவலையில் ஒரு பங்கை ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் தலைநகரில் இருக்கும் மூச்சு நல நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. நிறுவனம் ஐந்தாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை.

கெர்பென் டெர்ப்ஸ்ட்ராவுக்கு இது தெரியாது. அவனுக்கு அந்த நிறுவனத்தின் மேல் மரியாதை இருந்தது. எதையும் முறையாகக் கேட்டால் முறையாகப் பதில் வரும் என்று நம்புகிற ஜாதி அவன். தொழிலும் அப்படிப்பட்டது. கால்வாய்க்குக் குறுக்கே ஒரு தூக்குப்பாலம், பக்கத்தில் கண்ணாடி அறை, அதற்குள் அவன். படகு வந்து ஊதினால் பாலத்தைத் தூக்குவான், போனதும் இறக்குவான். இடைப்பட்ட நேரத்தில் முப்பது வருஷமாகப் புகைத்தான். போன வருஷம் இதயத்தில் ஒரு குழாய் வைத்து அனுப்பிய டாக்டர், "இன்னொரு சிகரெட் பத்த வெச்சீங்கன்னா இங்க வராதீங்க, நேரா பக்கத்துக் கட்டடத்துக்குப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டார். பக்கத்துக் கட்டடம் சவக்கிடங்கு.

அதிலிருந்து வேப், திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கிற மின் சிகரெட். வேப்பில் சட்டப்படி புகையிலைச் சுவை மட்டும்தான் விற்கலாம். பழம், மிட்டாய் வாசனைக்கெல்லாம் பிள்ளைகள் மயங்கிவிடுவார்கள் என்று தடை. நியாயமான சட்டம்தான். ஆனால் புகையிலைச் சுவையை இழுத்த மறு நிமிஷமே கெர்பெனுக்குப் புகையிலை வேண்டும் போல இருந்தது. கள்ளை மறக்க நினைப்பவனுக்குக் கள் வாசனையில் மருந்து கொடுத்தது மாதிரி. அதனால் அவன், ஊரில் பாதிப் பேரைப் போல, வீட்டிலேயே கலக்க ஆரம்பித்தான். அடுக்களை மேஜையில் தராசு, கையில் ரப்பர் உறை, நிகோடின் பாட்டில் காப்பிச் சாமான்களை விட்டுத் தள்ளி மேல் தட்டில். சுவைக்கு, கேக் சாமான் கடையில் விற்கிற வெண்ணெய் பிஸ்கட் எசென்ஸ். நூறுக்கு ஆறு.

அந்த வெண்ணெய் பிஸ்கட்தான் அவனைச் சிகரெட்டிடமிருந்து காப்பாற்றிக் கொண்டிருந்தது. இப்போது அதை இழுத்தால் இருமல் வந்தது.

முதலில் லேசாக. பிறகு பாலத்தைத் தூக்குகிற நேரத்திலெல்லாம். வலையில் தேடினால், வெண்ணெய் வாசனை கொடுக்கிற டைஅசெட்டைல் என்று ஒரு சரக்கு உண்டு, தின்றால் வயிற்றில் ஒன்றும் செய்யாது, மூச்சில் போனால் நுரையீரலின் சின்னக் குழாய்களைக் கெடுக்கும் என்று இருந்தது. தன் பாட்டிலில் அது இருக்கிறதா? "உணவுத் தரம்" என்று மட்டும் போட்டிருந்தது.

"ஏ மனுஷா, ஒரு வாரம் அந்த எழவை ஊத்தாம வெறும் திரவத்தை இழுத்துப் பாரேன்" என்றாள் அவன் மனைவி பௌக்யே. "இருமல் நின்னா எசென்ஸ். நிக்கலன்னா வேற."

"வெறும் திரவத்தை இழுத்தா சிகரெட் கேக்கும். அப்புறம் நீ விதவை."

"அந்த நெனப்பு எனக்கும் அப்பப்ப வரும்."

"வெளையாடாத பௌக்யே. முறையா ஒருத்தர்கிட்ட கேட்டுட்டா நிம்மதி."

முதலில் எசென்ஸ் வாங்கிய கடையில் கேட்டான். அங்கே ஒரு சம்பிரதாயம் உண்டு. வேப்பில் ஊற்றுவதற்கென்று எசென்ஸ் விற்றால் கடைக்காரிக்கு வம்பு. அதனால் பாட்டிலை எடுத்து நீட்டியதும் அவள், "என்ன கேக் செய்யப் போறீங்க?" என்று கேட்பாள். வாங்குபவன் ஏதாவது ஒரு கேக்கின் பெயரைச் சொல்வான். அடுப்பையே பற்றவைத்து அறியாத லாரி டிரைவர்களும் வெல்டர்களும் அந்தக் கடையில் நின்று பாதாம் கேக், கேரட் கேக் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

"கேக் கெடக்கட்டும்மா" என்றான் கெர்பென். "இதை நெஞ்சுக்குள்ள இழுக்கலாமா?"

கடைக்காரி வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தாள். "கேக்கை யாரும் நெஞ்சுக்குள்ள இழுக்க மாட்டாங்க, ஐயா."

"சரி, ஒருத்தன் இழுக்கறான்னு வெச்சுக்குவோம்."

"அப்ப அவன் கேக்கை மெதுவா சாப்பிடணும்" என்று சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

மறுநாள் பாலத்து அறையிலிருந்து நிறுவனத்துக்குப் போன் போட்டான். எடுத்த பெண் மிகவும் கனிவாகப் பேசினாள். பேசி முடித்துவிட்டு, "நீங்க கேக்கறது சாப்பிடற பொருளா, புகைக்கற பொருளா?" என்றாள்.

"ரெண்டும் இல்லம்மா. வேப். ஆவி."

"ஒரு நிமிஷம்."

உண்பன பிரிவுக்கு மாற்றினாள். உண்பன பிரிவு, அது வயிற்றுக்குப் போகவில்லை என்பதால் தங்களுடையது இல்லை என்றது. புகைப்பன பிரிவுக்குப் போனது. புகைப்பன பிரிவு, எதுவும் எரியவில்லையே என்று வருத்தப்பட்டது. "நெருப்பு இல்லாம எங்களால ஒண்ணும் பண்ண முடியாது ஐயா. ஆவின்னு சொன்னீங்கல்ல? அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு."

இதற்குள் ஒரு சரக்குப் படகு வந்து ஊத, கெர்பென் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே பாலத்தைத் தூக்கினான். படகு போயிற்று. போனில் இசை ஓடிக்கொண்டிருந்தது. விட்டால் மறுபடி முதலிலிருந்து போக வேண்டும் என்ற பயத்தில் அவன் ஆடாமல் அசையாமல் நின்றான். பாலமும் நின்றது. இரண்டு கரையிலும் கார்கள் சேர்ந்தன.

"யோவ் டெர்ப்ஸ்ட்ரா! வானத்துக்கா ரோடு போடற? எறக்குய்யா!" என்று கத்தினான் பால்வண்டிக்காரன்.

"ஆவிப் பிரிவு" என்றது போன்.

கெர்பென் எல்லாவற்றையும் கொட்டினான். இருமல், வெண்ணெய், நெஞ்சில் இறுக்கம். அந்தப் பக்கம் ஓர் இளைஞன் பொறுமையாகக் கேட்டான்.

"படுக்கையறை எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?"

"வடக்கு. ஏன்?"

"சுவர் மூலையில கருப்பா பூத்திருக்கா?"

அது வீட்டு ஈரப்பதப் பிரிவு. தினமும் காலையில் சன்னலைத் திறந்து வைக்கும்படி ஆலோசனை சொன்னார்கள். கெர்பென் நன்றி சொல்லிப் பாலத்தை இறக்கினான். திறந்தும் வைத்தான். இருமல் அப்படியே இருந்தது. கூடவே சளி பிடித்தது.

ஆனால் விடாமல் அலைகிறவனுக்கு நிறுவனம் கதவைச் சாத்திவிடுவதில்லை. ஒரு நாள் அவர்களே கூப்பிட்டார்கள். பேசியவள் வெண்டெல்முட், கூட்டங்களை ஒருங்கிணைப்பது அவள் வேலை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பாதுகாப்புக் கூட்டம் இருக்கு, வாங்க. உங்கள மாதிரி, வீட்டுல... செய்யறவங்களுக்கு."

"கலக்கறவங்களுக்கா?"

"அந்த வார்த்தை வேண்டாம். நீங்க கலக்கறீங்கன்னு எங்களுக்குத் தெரிஞ்சா, நாங்க ஏன் தடுக்கலன்னு கேள்வி வரும். அதனால கூட்டத்துல எல்லாரும் கேக்னுதான் பேசுவோம். கேக் பாதுகாப்புக் கூட்டம்."

"நான் சந்தேகத்தை எப்படிக் கேக்கறது?"

"கேக்கா கேளுங்க. பதிலும் கேக்கா வரும். புரிஞ்சவங்களுக்குப் புரியும்." கொஞ்சம் யோசித்து, "வரும்போது ஒரு கேக் கொண்டாந்துடுங்க. சட்ட அலுவலர் கேட்டா, கேக் கூட்டம்தான்னு காட்டணும்" என்றாள்.

கேக் செய்ய பௌக்யே மறுத்துவிட்டாள். "உன் கேக், உன் நெஞ்சு, நீயே கிண்டு" என்று சொல்லி, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். கெர்பென் தனக்குத் தெரிந்த ஒரே கணக்கைப் போட்டான். நூறுக்கு ஆறு. அடுப்பைத் திறந்தபோது பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பேருந்தில் அவன் உட்கார்ந்த வரிசையும் அதற்கு முன் வரிசையும் காலியாயின.

ஐந்து மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் ஒரு படம்: ஆரோக்கியமான ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே ஆழ மூச்சு விட்டது. மூன்றாம் மாடியில் கெர்பென் கேக்கைப் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்து இருமினான். மேலே இருந்து இறங்கி வந்த ஒருவர், "மெதுவா போங்க, நாங்கள்லாம் பழகிட்டோம்" என்றார். அவருக்கும் மூச்சு வாங்கிற்று.

கேக்கும் கையுமாக அவன் உள்ளே நுழைந்ததும் வரவேற்பு மேஜைப் பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

"அடடே! வாழ்த்துகள்!"

"எதுக்கு?"

அந்த ஊரில் பிறந்தநாள்காரன்தான் அலுவலகத்துக்குக் கேக் வாங்கி வருவான். கேக்கோடு வருகிறவனுக்கு வேறு காரணம் இருக்க முடியும் என்று யாரும் கனவிலும் நினைப்பதில்லை. "இல்லம்மா, நான் கேக் கூட்டத்துக்கு..." என்று அவன் ஆரம்பிப்பதற்குள் உண்பன பிரிவு வந்துவிட்டது. அதன் பின்னால் புகைப்பன பிரிவு. எல்லாரும் அவன் கையைக் குலுக்கினார்கள். பிறகு, அதுவும் அங்கே வழக்கம்தான், ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொண்டு, கெர்பெனுக்குப் பிறந்தநாள் என்று ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டார்கள். அவன் யார் என்று யாரும் கேட்கவில்லை. வட்டமாக நின்று, நீண்ட ஆயுள் வேண்டிப் பாடினார்கள். பாட்டு முடியும் வரை அவன் இருமலை அடக்கிக்கொண்டு நின்றான். இருமினால் பாட்டின் பொருள் கெட்டுவிடும் போல இருந்தது.

"தேதியைக் குறிச்சுக்கறேன்" என்றாள் வரவேற்புப் பெண். "முழுப் பேர் என்ன?"

சொன்னான். மறுத்துப் பேச மூச்சு இல்லை.

கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லார் முகத்திலும், சாப்பிடாத ஒன்றைச் சாப்பிட்டதாகச் சொல்ல வந்த களை. மூலையில் சட்ட அலுவலர், முன்னால் ஒரு சின்ன மணியோடு. இயக்குநர் டாக்டர் ஐசிங்கா எழுந்தார். நெடிய மனிதர், நரைத்த தலை, கோட்டுப் பையில் கை.

"நண்பர்களே, பாதுகாப்பில் இந்த நிறுவனம் எந்தச் சமரசமும் செய்துகொள்வதில்லை" என்று ஆரம்பித்தார். "ஒரு செயலைப் பாதுகாப்பாகச் செய்வது எப்படி என்று நாங்கள் சொன்னால், அதைச் செய்யலாம் என்று சொன்னதாக ஆகிவிடும். சொல்லாமல் இருந்தால், மக்கள் அதைச் செய்யவில்லை என்று ஆகிறது. செய்யாத செயலில் இதுவரை ஒரு விபத்தும் நடந்ததில்லை. உலகத்திலேயே இவ்வளவு பாதுகாப்பான நிலையை எட்டியவர்கள் நாம்தான் என்பதைப் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன். ஆகவே இன்று நாம் பேசப்போவது, கேக்."

கை தட்டினார்கள். கெர்பெனும் தட்டினான்.

பதில் சொல்வதற்கு, கேக் பள்ளி ஒன்றின் ஆசிரியை வந்திருந்தார். கேக் கூட்டத்துக்குக் கேக் நிபுணர்தான் வர வேண்டும் என்று சட்ட அலுவலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். விஷயம் இன்னது என்று அந்த அம்மாளிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அவருக்குத் தெரிந்ததாகிவிடுமே.

முதலில் ஒரு கிழவி எழுந்தாள். "என் எலுமிச்சை கேக் விரிசல் விடுதும்மா."

அறையே அனுதாபத்தோடு தலையாட்டியது. எலுமிச்சை எசென்ஸ் பிளாஸ்டிக் குப்பியை விரிசல் விடவைக்கும் என்பது கலக்குகிறவர்களுக்கெல்லாம் தெரியும். "கண்ணாடிக்கு மாத்திடுங்க பாட்டி" என்று யாரோ காதைக் கடித்தார்கள்.

"சூட்டைக் குறைச்சு வைங்க" என்றார் ஆசிரியை. அதற்கும் தலையாட்டினார்கள், வேப்பிலும் சூட்டைக் குறைக்கலாம்.

வெல்டர் போல இருந்த ஒருவன் எழுந்தான். "பட்டை கேக்குங்க. தொண்டைய அறுக்குது."

"பட்டையைத் தாராளமா போடுங்க, பயப்படாதீங்க. மணமே அதுலதான்."

வெல்டர் உட்கார்ந்தான். அவன் முகத்தில் ஒரு தீர்மானம் தெரிந்தது. கெர்பென் அவசரமாக எழுந்தான்.

"என்னோடது வெண்ணெய் கேக். நூறுக்கு ஆறு. கொஞ்ச நாளா இருமுது."

"எது இருமுது?"

"கேக்."

ஆசிரியை மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். முப்பது வருஷ அனுபவத்தில் எத்தனையோ கேக்குகளைப் பார்த்தவர். "வறண்டு போயிருக்கும்" என்று முடிவு சொன்னார். "வெண்ணெயைக் கூட்டுங்க. அப்படியும் சரியாகலன்னா ரெண்டு கரண்டி எண்ணெய் விடுங்க. உள்ள போறதே தெரியாது, வழுவழுன்னு போகும்."

பாதி அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. எண்ணெய் கலந்ததை இழுக்கக் கூடாது, அது நெஞ்சிலேயே தங்கிவிடும் என்பது இந்த விஷயத்தில் அரிச்சுவடி. சிலர் கெர்பெனைப் பார்த்தார்கள். வெல்டரோ "எண்ணெய்" என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தான். நிறுவனத்தில் சொல்கிறார்கள் என்றால் சும்மாவா? எலுமிச்சைக் கிழவியும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"அம்மா, எண்ணெயா?" என்றான் கெர்பென். "எண்ணெய் நுரையீரலுக்குள்ள போனா..."

மணி அடித்தது.

"அந்த உறுப்பு இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை" என்றார் சட்ட அலுவலர்.

"ஐயா, இது மூச்சு நல நிறுவனம்."

"நிறுவனம் அப்படித்தான். கூட்டம் கேக்."

மறுபடி மணி. கூட்டம் முடிந்தது. கேக் வெட்டினார்கள். கெர்பெனின் கேக்கை ஒரு வாய் வைத்தவர்கள் சிரித்த முகத்தோடு சன்னல் பக்கம் போனார்கள்.

அவன் முதலில் வெல்டரைப் பிடித்தான். "தம்பி, அந்த எண்ணெயை அழி. அது நிஜமான கேக்குக்குச் சொன்னது. பட்டையையும் குறை."

"அப்ப இவங்க சொன்னதுல எதுதான் நமக்கு?"

"ஒண்ணும் இல்ல."

வெல்டர் எச்சிலைத் தொட்டு உள்ளங்கையைத் தேய்த்தான். கிழவியைப் படியில்தான் பிடிக்க முடிந்தது. "அம்மா, எண்ணெய் மட்டும் ஊத்திடாதீங்க. உசுருக்கு ஆபத்து."

கிழவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கேக்குல எண்ணெய் ஊத்தினா உசுருக்கு ஆபத்தா? என்னப்பா சொல்ற? பேரன் கல்யாணத்துக்கு எலுமிச்சை கேக் செய்யணும். கேக் கூட்டம்னு ஒட்டியிருந்தாங்க, அஞ்சு மாடி ஏறி வந்தேன். நல்லாத்தான் சொல்லித்தந்தாங்க. ஆனா உள்ள இருந்த ஆளுங்க யாருக்கும் கேக்கைப் பத்தி ஒரு மண்ணும் தெரியல."

அவன் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான். பின்னால் யாரோ இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இயக்குநர் ஐசிங்கா.

"உங்க கேள்வி நல்ல கேள்வி" என்றார், அக்கம் பக்கம் பார்த்துவிட்டு. "உங்களுக்கு உதவணும்னு எனக்கும் ஆசைதான். நீங்க சிகரெட் பிடிக்கறவரா இருந்திருந்தா, நாலாவது மாடி முழுக்க உங்களுக்குத்தான். ஆலோசகர் இருக்காங்க, டாக்டர் இருக்கார், நெஞ்சுப் பரிசோதனை இருக்கு."

"நான் விட்டுட்டேனே ஐயா."

"அதான் சிக்கல்." உண்மையாகவே வருந்தினார். "மறுபடி ஆரம்பிச்சீங்கன்னா திங்கட்கிழமையே சேத்துக்கலாம்."

"சிகரெட் பிடிச்சா நான் செத்துடுவேன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"ஆனா அதுல என்ன ஆபத்துன்னு தெளிவாத் தெரியும் பாருங்க. அட்டையிலேயே போட்டிருக்கு."

அப்போது இயக்குநருக்கு இருமல் வந்தது. கெர்பெனுக்கு அந்த இருமலைத் தெரியும். அடியிலிருந்து கிளம்பி, நடுவில் சிக்கி, வெளியே வராமல் திரும்புகிற இருமல். குலுங்கிய குலுக்கலில் கோட்டுப் பையிலிருந்து ஏதோ விழுந்து இரண்டு படி உருண்டது. வேப். கெர்பென் எடுத்துக் கொடுத்தான். கஸ்டர்ட் வாசனை, அடியில் வெண்ணெய்.

இயக்குநர் அதை வாங்கி அவசரமாகப் பைக்குள் போட்டார்.

"நூறுக்கு எத்தனை?" என்றான் கெர்பென்.

"ஒன்பது" என்றார் இயக்குநர். பிறகு, "இந்தக் கூட்டத்தையே நான்தான் போடச் சொன்னேன். யாராவது ஒருத்தர் அந்த வெண்ணெயைப் பத்திக் கேப்பாங்க, பதில் வரும்னு பாத்தேன். நீங்க கேட்டுட்டீங்க. நன்றி."

"பதில் வரலையே."

"ஆமா" என்றார் இயக்குநர்.

வீடு திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க், அதோடு ஒட்டி ஒரு கடை. கெர்பென் உள்ளே போய், சிகரெட் அலமாரிக்கு முன்னால் வரிசையில் நின்றான். அங்கே யாரும் யாரிடமும் என்ன கேக் என்று கேட்கவில்லை. கேட்டார்கள், கொடுத்தார்கள், போனார்கள். அவ்வளவு அழகாக நடந்தது. திங்கட்கிழமை, நாலாவது மாடி, நெஞ்சுப் பரிசோதனை என்று மனசு கணக்குப் போட்டது. அவன் முறை வந்தது. கல்லாவில் இருந்த பெண் புருவத்தை உயர்த்தினாள். அவன் வாயைத் திறந்தான், இருமல் வந்தது. அது முடிகிற வரை அவள் காத்திருந்தாள்.

"புதினா மிட்டாய்" என்றான். "தின்கிற மிட்டாய்தானே?"

"மிட்டாயை வேற என்ன பண்ணுவாங்க?" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து வெண்ணெய் பிஸ்கட் பாட்டிலைப் பௌக்யேயிடம் கொடுத்தான். அவள் வாங்கிக் குப்பையில் போட்டாள். அன்றிலிருந்து வெறும் திரவம், வாயில் புதினா. தூறலை உறிஞ்சுகிற மாதிரி இருந்தது. சிகரெட் கேட்டது, பாலத்தைத் தூக்கினான், இறக்கினான், மறுபடி கேட்டது. பௌக்யே அந்த வாரம் முழுவதும் கண்ணாடி அறைக்கு வந்து உட்கார்ந்து, உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றிச் சண்டை போட்டாள். பற்றவைக்க அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை. ஒரு நாள் காலையில் சண்டையை நிறுத்திவிட்டு, "கேட்டியா?" என்றாள்.

"என்ன?"

"நீ இருமல."

மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று கெர்பென் நிறுவனத்துக்குப் போன் போட்டான். கனிவான பெண் கேட்டுக்கொண்டு, உரிய இடத்துக்கு மாற்றினாள். உரிய இடம், சன்னலைத் திறந்து வைத்தது பலன் கொடுத்ததில் மிகுந்த மகிழ்ச்சி என்றது. வீட்டு ஈரப்பதப் பிரிவு அந்த வருஷம் குணப்படுத்திய ஒரே ஆள் அவன். அதற்காகப் பிரிவுக்குப் பாராட்டு விழா நடந்ததாகவும், தலைமை தாங்க வந்த இயக்குநர் மூன்றாம் மாடியில் உட்கார்ந்துவிட்டதால் விழாவை அங்கேயே நடத்தியதாகவும் பிறகு வெண்டெல்முட் சொன்னாள்.

அவள் போன் செய்தது அதற்காக இல்லை. கேக் கூட்டம் நடந்து சரியாக ஒரு வருஷம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, வாழ்த்துகள் என்று சொல்லிவிட்டு, கேக் எப்போது வரும் என்று கேட்டாள். அந்த ஊரில் பிறந்தநாள் நாள்காட்டியைக் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால்தான் மாட்டுவார்கள். மூச்சு நல நிறுவனத்தில் கெர்பென் டெர்ப்ஸ்ட்ராவின் பெயர் இன்று வரை இருப்பது அங்கே மட்டும்தான். தேதி தப்பு.